‘டிஸ்க் விலகல்’ என்ற சொல்லும் என் இடது காலும்

கரும்பலகையின் மேல் விளிம்பில் தேதி எழுதும்போது இரண்டு குதிகால்களையும் தூக்கி, முன்பாதத்தில் நின்று எழுதுவது என் வழக்கம். காட்பாடியில் ஒரு பள்ளியில் 21 ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருக்கும் எனக்கு அது நினைத்துச் செய்கிற செயலாக என்றுமே இருந்ததில்லை. கடந்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், சாக்பீஸுடன் கையை உயர்த்தினேன். வலது குதிகால் எழுந்தது, இடது குதிகால் தரையை விட்டு வரவில்லை. அந்த நொடியில் காலில் வலி இல்லை, வலுவும் இல்லை. பின்னால் நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தேதியைப் பலகையின் நடுவில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கதை அதற்குச் சுமார் நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அக்கினி நட்சத்திர வெயிலில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்த 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, ஸ்டாண்டில் கவிழ்த்தேன். கேனும் தண்ணீருமாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும். குனிந்த நிலையில் எடையைத் தூக்கிக்கொண்டே உடலைத் திருப்புவதுதான் முதுகுக்கு மிகவும் ஆகாத அசைவு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று இடுப்பில் ஒரு பிடிப்பு மட்டுமே இருந்தது. மூன்றாம் நாள் இடுப்பு வலி குறைந்தது. அதற்குப் பதிலாக இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தாற்போல ஒரு வலி இறங்கியது. தும்மினால் இறங்கும், இருமினால் இறங்கும், கழிப்பறையில் முக்கினாலும் இறங்கும்.

எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடிப்புக்கு வைத்தியம் சொல்லாதவர் கிடையாது. என் மாமியார் உலக்கையை எடுத்து வந்து முதுகில் உருட்டச் சொன்னார். எதிர் வீட்டுப் பாட்டி, காலால் பிறந்த பிள்ளை யாராவது இருந்தால் மூன்று மிதி மிதிக்கச் சொல்லுங்கள் என்றார். தெருமுனை ஆட்டோக்காரர், “இன்னா டீச்சர், நொண்டிகினு போறீங்க, புத்தூர் போய் ஒரு கட்டு போட்டுகினு வந்துடுங்க” என்றார். ஆந்திரப் புத்தூரின் எலும்புக் கட்டுக்கு இங்கே இருக்கிற மதிப்பு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. 1911-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை சித்தூர் வட ஆற்காட்டின் தலைநகராகவே இருந்தது என்பதால் அந்த ஊர்கள் எங்களுக்கு அயலூர்கள் அல்ல. கை முறிந்தால் புத்தூர் என்பது மூன்று தலைமுறைப் பழக்கம். ஆனால் எனக்கு முறிந்தது எதுவும் இல்லை.

எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தைதான்: “டிஸ்க் விலகியிருக்கும்.” சிலர் ‘ஜவ்வு நகர்ந்துவிட்டது’ என்றார்கள். மொழியைக் கற்பித்துப் பிழைப்பவள் என்பதால் இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் பாதிக் குழப்பம் இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது.

விலகியது என்றால் இருந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறது என்று பொருள். கதவு விலகினால் சாத்தலாம், ஓடு விலகினால் நகர்த்தி வைக்கலாம். ஆகவே ‘டிஸ்க் விலகல்’ என்று கேட்ட மாத்திரத்திலேயே, கைத்திறன் உள்ள ஒருவர் அதைத் தள்ளிப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிடுவார் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. உண்மையில் டிஸ்க் அப்படி நழுவக்கூடிய தட்டு அன்று. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில், மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்திருக்கும் திண்டு அது. சுற்றிலும் அடுக்கடுக்கான நார்வளையம், நடுவே நீர்ச்சத்து மிகுந்த கூழ் போன்ற கரு. கழுத்திலிருந்து இடுப்பு வரை இப்படி 23 திண்டுகள் இருக்கின்றன. வயதாலும் உழைப்பாலும் நார்வளையத்தில் கீறல் விழும்போது உள்ளே இருக்கும் கரு அந்த வழியாகப் பிதுங்குகிறது. பின்பக்கமாகச் சற்று ஒதுங்கிப் பிதுங்கினால், அங்கே இறங்கும் நரம்பு வேரை அது தொடுகிறது. அழுத்தம் ஒரு புறம் இருக்க, கருவிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் நரம்பைப் புண்ணாக்கி அழற்சி உண்டாக்குவது இன்னொரு புறம். புளித்த மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிவதை நினைத்துக்கொள்ளலாம். வழிந்த மாவைக் கையால் தள்ளி உள்ளே அனுப்ப முடியாது. பிதுங்கல் என்ற சொல்லையே நாம் பழக்கியிருந்தால் பலருடைய பணமும் சிலருடைய காலும் தப்பியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் வாரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை மெல்ல உயர்த்தினார். கால்வாசிக்கு மேல் போனதும் வலி சுண்டுவிரல் வரை பாய்ந்தது. பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் எல்5-எஸ்1 இடத்தில், அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழேயுள்ள திரிகத்துக்கும் நடுவில், இடப்பக்கமாக டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுவதாக எழுதியிருந்தது. இடுப்பில் இந்தத் தொல்லை வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த இடத்திலோ, அதற்கு ஒரு படி மேலேயுள்ள எல்4-எல்5 இடத்திலோதான் வருகிறது.

அறிக்கையைப் படித்து நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வேலூர்க்காரர்களுக்கு முதுகெலும்பு என்றவுடன் பாகாயம் நினைவுக்கு வரும். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் சி.எம்.சி. எனும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு அடித்தளமிட்ட ஊர் இது. பாகாயத்து மறுவாழ்வு மையத்தில் தண்டுவடம் அடிபட்ட இளைஞர்கள் சக்கர நாற்காலிப் பயிற்சி எடுப்பதைச் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். நானும் அங்கே போய்விடுவேனோ என்று கேட்டேன். மருத்துவர் ஒரு முதுகெலும்புப் பொம்மையை எடுத்துக் காட்டினார். தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவாலைப் போல நரம்பு வேர்கள் மட்டுமே தொங்குகின்றன. என் பிதுங்கல் அந்த வேர்களில் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்ததே தவிர, தண்டுவடத்தின் பக்கமே போகவில்லை.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னை அதைவிடவும் தேற்றியது. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு டிஸ்க் உப்பியிருந்தது, 27 விழுக்காட்டினருக்குத் தெளிவான பிதுங்கலே இருந்தது. படத்தை மட்டும் பார்த்து ஒருவருடைய வலியை அளக்க முடியாது. படம் சொல்வதும் கால் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். எனக்கு ஒத்துப்போனது. வலி மாத்திரை, நரம்பு மாத்திரை, படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடப்பது, ஆறு வாரம் பொறுப்பது, இவ்வளவுதான் அவர் எழுதிக் கொடுத்தவை. சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலம் தெரியாமல் வந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பொறுக்க எனக்கு முடியவில்லை. இரவில் மூன்று மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காத ஒருத்திக்கு ஆறு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த இரவுகளில்தான் கைபேசியில், முதுகெலும்பைக் கையால் முறுக்கித் தள்ளும் கைரோபிராக்டிக் வைத்தியத்தின் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். கூனிக்கொண்டு வருகிறவர், ஒரு முறுக்கு, ஒரு ‘மடக்’, நிமிர்ந்து சிரித்தபடி போகிறார். பார்க்கப் பார்க்க ஆசை வந்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் 1895-இல் தொடங்கிய முறை இது. கையால் செய்வது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதன் பெயர் வந்தது. முள்ளெலும்புகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று பால்மர் நம்பினார். அந்த நம்பிக்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை, கைரோபிராக்டர்களிலேயே பலர் ஏற்பதில்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே இந்தக் கால்வலிக்குக் காரணம் என்பதை மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் உலகறியச் செய்ததே 1934-இல்தான். இந்த முறை பிறந்தபோது டிஸ்க் நோய் என்னவென்றே யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தோன்றிய காலத்து விளக்கம் தவறாக இருப்பதாலேயே கையின் வேலை முழுவதும் பயனற்றது என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் பழைய விளக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் முதுகைக் கொடுப்பது ஆபத்து. இதை நான் வலித்துத்தான் கற்றேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் நான் போன முதல் நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர் என் ஸ்கேன் படத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலை உயர்த்திப் பார்க்கவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கவில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல்கால் முட்டியை மடக்கித் தோளை ஒரு புறமும் இடுப்பை மறுபுறமும் பிடித்து, திடீரென்று ஒரு தள்ளு. மடமடவென்று மூன்று சொடக்கு விழுந்தது. பிறகு கழுத்துக்கும் ஒன்று, நான் கேட்காமலே. “கேட்டுச்சா? டிஸ்க் உள்ளே போயிடுச்சு” என்றார். எழுந்து நின்றபோது உடல் லேசாக இருந்தது உண்மை. அன்று மாலை காரிலிருந்து இறங்கி நானே படியேறினேன். மறுநாள் விடியலில் வலி முன்பைவிட மோசமாக, பாதத்தின் வெளிவிளிம்பு முழுதும் மரத்து, கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். நான்கு நாள் கழித்துப் பள்ளி திறந்தது, குதிகால் எழவில்லை. அந்தத் தள்ளுதான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது, பிதுங்கல் தானாகவும் பெருகியிருக்கலாம். பரிசோதிக்காமல் தொட்டது தவறு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சொடக்குச் சத்தத்தைப் பற்றிப் பின்னர் நிறைய யோசித்தேன். சிறுவயதில் வெளியூர் போய்த் திரும்பினால் என் பாட்டி முகத்தைத் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார். எத்தனை நெட்டி விழுகிறதோ அத்தனை கண் பட்டிருக்கிறது என்பார். சத்தம் வந்தால் ஏதோ கழிந்துவிட்டது என்ற நம்பிக்கை நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. மூட்டு உறைக்குள் இருக்கும் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டு சட்டென்று இழுபடும்போது அழுத்தம் குறைந்து ஒரு குமிழ்வெளி உண்டாகிறது, அதன் சத்தமே சொடக்கு. 2015-இல் கனடாவில் விரல் மூட்டை இழுத்தபடியே ஸ்கேன் எடுத்து, சத்தம் எழும் கணத்தில் அந்த வெற்றிடம் தோன்றுவதைப் படமாகவே காட்டினார்கள். டிஸ்கில் அப்படிப்பட்ட மூட்டு உறை கிடையாது. சத்தம் வந்தது முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளிலிருந்து. அந்த மூட்டுகள் இழுபடும்போது இறுகிய தசைகள் சற்றுத் தளரும், வலியும் சில மணி நேரம் மங்கும். என் மாலை நேர நிம்மதிக்கு அதுதான் காரணம். டிஸ்க் இருந்த இடத்தில்தான் இருந்தது.

பள்ளியிலிருந்து நேராக மருத்துவரிடம் போனேன். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்தச் சொன்னார். வலதில் பத்து, இடதில் ஒன்றுகூட முழுதாக இல்லை. கணுக்காலின் பின்னால் சுத்தியலால் தட்டியபோது இடப்பாதம் அசையவே இல்லை. பிதுங்கல் தொட்டிருந்த எஸ்1 என்ற நரம்பு தளர்ந்திருக்கிறது, வலு இன்னும் குறைந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும், அதுவரை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன் என்றார். முறுக்கித் தள்ளும் வைத்தியம் இனி வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டாவது கைரோபிராக்டரைப் பற்றிச் சொன்னவர் என் தம்பி. வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர், மாதத்தில் சில நாட்கள் வேலூருக்கு வருவார் என்றான். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே போனேன். மெதுவான முறை என்றால் தடையில்லை, வலுவை மட்டும் வாராவாரம் அளப்போம் என்றார். அந்த முதல் சந்திப்பு முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் முதல் அரை மணி நேரம் அவர் என்னைத் தொட்டது பரிசோதிக்க மட்டுமே. ஊசிமுனையால் பாதத்தில் எங்கெங்கே உணர்வு குறைந்திருக்கிறது என்று பார்த்துத் தாளில் படம் வரைந்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்பாதத்தில் நடக்கச் சொன்னார், சிறுநீரைப் பற்றிக் கூச்சம் வராத விதத்தில் கேட்டார். பின்பு, “அம்மா, நான் எதையும் உள்ளே தள்ளப்போவதில்லை, அது யாராலும் முடியாது. வலியைக் குறைத்து உங்களை நடக்க வைக்கப் பார்க்கிறேன், மிச்சத்தை உங்கள் உடம்பு செய்யும்” என்றார். அதைக் கேட்டபோது ஒரு மாதமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று எனக்குள் தளர்ந்தது.

அவருடைய மேசை இடுப்புக்கு நேரே இரண்டாகப் பிரிந்து கீல் போல மடங்கும். குப்புறப் படுக்க வைத்து, ஒரு கையை என் இடுப்பெலும்பின் மேல் அழுத்தி, மறு கையால் மேசையின் கால்பகுதியை மெல்லத் தாழ்த்தி இழுத்து விடுவார். ஏற்றம் இறைப்பது போன்ற ஒரு தாளம், சொடக்கே கிடையாது. முள்ளெலும்புகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி கொடுத்து நரம்பின் மேலுள்ள அழுத்தத்தைத் தணிப்பதே நோக்கம். வலி பாதத்துக்குப் போனால் உடனே நிறுத்தினார், வலி தொடையோடு நின்றால் தொடர்ந்தார். வலி கீழிருந்து மேலே சுருங்குவது நல்ல அறிகுறி, இடுப்பு வலி கூடினாலும் கவலைப்பட வேண்டாம் என்று விளக்கினார். வீட்டில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார். எட்டு முறை போனேன். ஒன்பதாம் வாரத்தில் இரவு முழுதும் தூங்கினேன். பன்னிரண்டாம் வாரத்தில் தேதி மீண்டும் பலகையின் மேல் விளிம்புக்கு ஏறியது.

அவர்தான் குணப்படுத்தினார் என்று எழுத எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிதுங்கிய கருவை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களை அனுப்பி மெல்ல அரித்துக் கரைக்கிறது என்பது பல ஸ்கேன் ஆய்வுகளில் கண்ட உண்மை. பெரிதாக வெளியே வந்த துண்டுகள் சிறியவற்றைவிட நன்றாகவே கரைகின்றன என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களில் வலி தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் தேறியதும் சரியாக அந்தக் காலக்கணக்கில்தான். நெதர்லாந்தில் கடும் கால்வலியுள்ள 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பொறுத்திருந்து பார்த்தவர்களைவிட விரைவில் நலமடைந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்து பார்க்கும் தரப்பிலும் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கை வைத்தியத்துக்கும் சான்று உண்டு. 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உண்மையான சிகிச்சையும் மற்றதற்குப் பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். காலுக்கு இறங்கும் வலி முற்றிலும் நீங்கியவர்கள் முதல் பகுதியில் 55 விழுக்காடு, இரண்டாவதில் 20 விழுக்காடு. ஒற்றை ஆய்வு, குறைவான பேர். இருந்தாலும் தேர்ந்த கையில் வலி குறையும் என்பதற்கு அது போதுமான ஆதாரம் என்று கருதுகிறேன். டிஸ்கைத் திருப்பி அனுப்பியதற்கு ஆதாரமாகாது.

நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டபூர்வமான கவுன்சில் கிடையாது என்பது இதில் பெரிய சிக்கல். நான்கு ஐந்து ஆண்டுகள் படித்தவரும் வார இறுதிப் பயிற்சி முடித்தவரும் ஒரே பலகையை மாட்டலாம். ஆகவே சலித்தெடுக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. காலின் வலுவைச் சோதிக்காமல் முதுகைத் தொடுகிறவரிடம் படுக்காதீர்கள் என்று பெண்களிடம் குறிப்பாகச் சொல்லிவருகிறேன், ஏனென்றால் கூச்சத்தினால் நாம் பாதி அறிகுறிகளைச் சொல்வதே இல்லை. கழுத்தை மட்டும் யாரும் வெடுக்கென்று திருப்ப விடவே கூடாது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. அரிதாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. முடி வெட்டிய பிறகு சலூனில் இலவசமாகக் கிடைக்கும் கழுத்துச் சொடக்கும் இதே கணக்கில்தான் வரும். என் கணவர் இருபது ஆண்டுப் பழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டார்.

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஸ்கேன் உறையோடு என்னிடம் வந்தார். “அக்கா, உங்களுக்கு யார் சொடக்கு எடுத்துவிட்டாங்க? சாயங்காலம் ஓர் இடத்தில் பதிவு பண்ணியிருக்கேன்” என்றார். உறையைத் திறக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, ஓய்வறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலடி நடந்து காட்டச் சொன்னேன். இடது முன்பாதம் மேலே நின்றது. வலது முன்பாதம் ஒவ்வோர் அடிக்கும் தரையில் தப்பென்று விழுந்தது. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். இரண்டு நாட்களாக வலது செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடப்பதே தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னது, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோதுதான்.